அலமாரி ஏறுமா

என் மனைவி இதுவரை வரைந்த எல்லாப் படிக்கட்டிலும் நான் ஏறிக்கொண்டிருக்கிறேன். முதுகில் ஒரு அலமாரி, தோளில் வார், மடங்கிய முழங்கால், மேல்நோக்கி நீட்டிய தாடை. படத்தில் கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பேன். ஆனாலும் அது நான்தான். அந்தத் தாடையைப் பார்த்தாலே என் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்குத் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுடைய கட்டில், பீரோ, குளிர்பெட்டி எல்லாவற்றையும் மாடி ஏற்றி, மாடி இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஆகவே கட்டடங்களைப் பற்றி எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு. அபிப்பிராயம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கோபம் என்பதுதான் சரி. வாசலில் பளபளவென்று கல் பதித்திருப்பார்கள். கூரையிலிருந்து கொத்துக்கொத்தாக விளக்குத் தொங்கும். உள்ளே போனால் படிக்கட்டு மட்டும், மிச்சம் இருந்த இடத்தில் போனால் போகிறது என்று வைத்த மாதிரி மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். லிஃப்டுக்குள் ஒரு கட்டில் பலகை நிமிர்ந்து நிற்காது. இதை வரைந்த மகராசன் வாழ்நாளில் ஒரு மேஜையின் ஒற்றைக் காலையாவது தூக்கியிருப்பானா என்று திட்டிக்கொண்டேதான் ஏறுவேன். திட்டினால் பாரம் கொஞ்சம் குறையும்.

அவளை நான் முதலில் பார்த்ததும் ஒரு படிக்கட்டில்தான். ஒரு ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றும் வேலை. ஆள் நீளத்துக்கு ஒரு வரைபட மேஜை இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நாங்கள் நாலு பேர் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, நாலையும் செய்து பார்த்து, சுவரில் நாலு கீறல் போட்டிருந்தோம். அப்போது மேல்படியில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் அளக்கும் டேப்.

"சுவரை விடுங்க, அது என்ன பண்ணுச்சு. குறுக்கால அரை அங்குலம் இடம் இருக்கு. பலகையை நிமித்தி, கால் பக்கம் முதல்ல போற மாதிரி திருப்புங்க."

"அரை அங்குலத்துல என்னம்மா போகும்?" என்றேன் நான்.

"மேஜை போகும். நீங்க போக மாட்டீங்க. தள்ளி நில்லுங்க."

மேஜை போய்விட்டது. என் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வேலை வரைவது. அவளையும் டிராஃப்ட்ஸ்மேன் என்றுதான் சொல்வார்கள். பள்ளி முடித்து, இரண்டு வருடம் வரைபடப் பயிற்சி முடித்து அங்கே சேர்ந்தவள். சார் என்று எல்லாரும் சொல்லும் அந்த ஆர்க்கிடெக்ட் ஒரு துண்டுக் காகிதத்தில் நெளிநெளியாக ஒரு கோடு இழுத்து, "இங்க ஒரு படிக்கட்டு வருது" என்பார். அந்த நெளிசல் இவள் கைக்கு வந்துதான் பதினெட்டுப் படியாகும். ஒரு படி எவ்வளவு உயரம், எங்கே திரும்பும், எந்தத் தூண் அதைத் தாங்கும், தண்ணீர்க் குழாய் எதன் பின்னால் ஓடும் என்பதெல்லாம் இவள் தலைவலி. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் மூன்று கட்டம் இருக்கும். வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். முதல் கட்டத்தில் சார் பெயர். மூன்றாவது கட்டத்திலும் சார் பெயர். நடுக்கட்டத்தில் அலுவலகத்தின் பெயர். பதினேழு வருடத்தில் அங்கே அவள் பெயர் இருந்த ஒரே காகிதம் வருகைப் பதிவேடு.

நான் அந்தப் படங்களுக்குள் போன கதையைச் சொல்கிறேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு புதுக் குடியிருப்பில் அலமாரி ஏற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது படியில் காலை வைத்தேன், அலமாரியின் தலை மேலே குறுக்கே ஓடிய கான்கிரீட் பீமில் முட்டியது. பின்னால் சாய்ந்தவன் கைப்பிடியில் நெற்றியைக் கொடுத்தேன். ஏழு தையல். மறுநாள் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கே போய் அளந்துவிட்டு வந்தாள்.

"பீமுக்கு அடியில ஆறடி ரெண்டு அங்குலம்தான் இருக்கு. ஆள் போகலாம், அலமாரி போகாது."

"எந்தக் கழுதை வரைஞ்சது அதை?"

"நான்தான்" என்றாள்.

 அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தையல் போட்ட தலையோடு படுத்திருந்தவனை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினாள். உயரம், தோள் அகலம், நெஞ்சிலிருந்து முதுகு வரை எவ்வளவு, குனிந்தால் எவ்வளவு என்று அங்குலம் விடாமல் அளந்து குறித்துக்கொண்டாள். சட்டை தைக்கப் போகிறாளோ என்றுகூட ஆசைப்பட்டேன். அன்றைக்கு வரைய ஆரம்பித்ததுதான் அந்த ஆள். கட்டடத்தைக் கத்தியால் நெடுக வெட்டிக் காட்டிய மாதிரி ஒரு படம் போடுவார்கள், செக்‌ஷன் என்று பெயர். அவள் போடும் ஒவ்வொரு செக்‌ஷனிலும் படிக்கட்டில் என்னை ஏற்றிவிடுவாள். நான் முட்டாமல் மேலே போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் படம் மேஜையை விட்டு நகரும்.

சாருக்கு இது பிடிக்காது. "நாம கட்டடம் காட்டறோம். நீ சுமை தூக்கறவனைக் காட்டறே" என்று அழிக்கச் சொல்வார். சாருக்குப் போகும் பிரதியில் அழித்துவிடுவாள். அடுத்த படத்தில் நான் மறுபடி ஏறிக்கொண்டிருப்பேன். கணினியில் வரைய ஆரம்பித்த பிறகு என்னைத் தனியாக ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டாள். ஃபைலின் பெயர் 'அவர்'. அலுவலகத்துப் பிள்ளைகள் என்னை அலமாரி அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

போன வருடம் ஒரு ஆறு மாடிக் கட்டடம் வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவன் அதில் படிக்கட்டு போட்டிருந்தான். இருபத்து நாலு வயது, நல்ல பிள்ளை, பட்டம் வாங்கிய ஈரம் காயாதவன். இவள் அதில் 'அவரை' ஏற்றிப் பார்த்தாள். ஐந்தாவது மாடியில் நான் மாட்டிக்கொண்டேன். படத்தைக் கொண்டுபோய்ச் சாரிடம் காட்டினாள். மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் சொன்னார்:

"நீ வரையறவ. யோசிக்கிறதை யோசிக்கப் படிச்சவங்க பாத்துப்பாங்க."

அந்தப் படத்தில் சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் அன்று அந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டார்கள். தட்டச்சு செய்தது இவள்தான்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கே ஆளுங்களோட போய் அவர் மேஜையைத் தூக்கித் தெருவுல வைக்கிறேன்" என்று குதித்தேன்.

"அது அந்தக் கதவு வழியா வராது. கதவு நான் வரைஞ்சது, எனக்குத் தெரியும்" என்றாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "நான் ஆர்க்கிடெக்ட் படிக்கப் போறேன்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

ஐந்து வருடப் படிப்பு. செய்தி என் அக்காவுக்குப் போனது. அவள் பறந்துகொண்டு வந்தாள்.

"ஏண்டா தம்பி, பொண்ணு படிக்க வேண்டிய வயசுல அம்மா பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொன்னாள்: "சிரிக்கட்டும் அண்ணி. நல்ல பழக்கம்தானே."

"வேலைதான் இருக்கே. இருக்கறதை விட்டுட்டுப் போய் சின்னப் பிள்ளைங்களோட உக்காரணுமா?"

"பதினேழு வருஷம் சின்னப் பிள்ளைங்களுக்கு வரைஞ்சு குடுத்துட்டேன் அண்ணி. கூட உக்காந்தா என்ன, கடிச்சிடவா போறாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். இந்த வீட்டில் எனக்கு வாய் நீளம் என்று பெயர், ஆனால் எப்போது மூட வேண்டும் என்பதும் தெரியும். அக்கா தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். அடுத்த ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, இவளோடு தினமும் பேசினாள்.

பேருந்தில் போய்வரும் தூரத்தில், வேலையில் இருப்பவர்களுக்கென்று சில இடம் ஒதுக்கும் கல்லூரிகள் இரண்டு இருந்தன. எங்கள் மகளுக்குப் பதினாலு வயது, அவள்தான் தேடித் தந்தாள். ஒன்று பெரிய கல்லூரி. எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும். சார் படித்ததும் அங்கேதான். இன்னொன்றின் பெயர் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? பெரிசுக்குப் போ" என்றாள் மகள், படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியபடி.

"எல்லாப் படத்துலயும் வாசல்தான் இருக்கு. படிக்கட்டு எங்க?" என்றாள் அவள் அம்மா.

இரண்டு கல்லூரியிலும் கேட்டது ஒன்றுதான். வரைந்த படங்கள் பத்து, வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம். கடிதம் கேட்டபோது சார் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். "எங்க காலேஜுக்கே போ. துறைத் தலைவர் என் கூடப் படிச்சவர். என் கடிதத்தைப் பாத்தா உடனே சேத்துப்பார்" என்று அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அந்தத் துறைத் தலைவருக்கும் அனுப்பிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்தோம். 'இவர் என் வடிவமைப்புகளைப் பிரதி எடுக்கும் பணியைப் பதினேழு ஆண்டுகளாக ஒழுங்காகச் செய்துவருகிறார்' என்று இருந்தது. ஒழுங்காக என்ற சொல்லை நான் இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கம் ஒழுங்காகச் சொல்கிற பிள்ளைக்கு எழுதித் தருகிற கடிதம் மாதிரி இருந்தது.

அவள் மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய், 'பிரதி எடுக்கும்' என்பதை 'வரையும்' என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். "இடம் வேணுமா, வார்த்தை வேணுமா?" என்று சார் சிரித்தாராம்.

இரண்டு நாள் அந்தக் கடிதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. அவள் சுற்றிச் சுற்றி வந்து அதைப் பார்த்தாள். எனக்கும் சபலம்தான், ஒளிப்பானேன். ஒரு சொல்லை விழுங்கினால் ஊரே மெச்சும் கல்லூரி. "உள்ள போயிட்டா யார் கடிதத்தைப் பாக்கப் போறாங்க? விழுங்கிடு" என்று சொன்னவன் நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெரிய கல்லூரிக்கு இரண்டு பேரும் போனோம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே காலடிச் சத்தம்கூட மரியாதையாகக் கேட்டது. நான் பழக்கதோஷத்தில் படிக்கட்டைத்தான் பார்த்தேன். கண்ணாடிப் படி, கைப்பிடியே இல்லை. இதில் அலமாரியை ஏற்றச் சொன்னால் முன்கூட்டியே பிரேதப் பரிசோதனைக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்றேன். அவள் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். துறைத் தலைவர் நல்ல உயரம், மெல்லிய குரல். சேர வந்த பிள்ளைகள், பெற்றோர்கள் என்று பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு நடைவழியில் மாட்டியிருந்த படங்களை விளக்கிக்கொண்டே போனார். எங்களையும் பின்னால் வரச் சொன்னார்.

நாலாவது படத்தின் முன் நின்றார். "இது எங்க பழைய மாணவர் ஒருத்தரோட கட்டடம். பரிசு வாங்கினது. இந்தப் படிக்கட்டுல பாருங்க, ஒரு சுமைதூக்கி அலமாரியோட ஏறிப் போறார். எவ்வளவு கனிவு, எவ்வளவு நகைச்சுவை. ஒரு கட்டடக் கலைஞனோட மனசு எப்படி இருக்கணும்கிறதுக்கு இதைத்தான் நான் வகுப்புல காட்டுவேன்."

நான் எட்டிப் பார்த்தேன். நெற்றித் தையலைத் தவிர எல்லாம் இருந்தது. அழிக்க மறந்த ஒரு பிரதி பரிசுக்குப் போய், பரிசு வாங்கி, இங்கே சுவரில் ஏறியிருக்கிறது. ஓரத்துக் கட்டத்தில் சாரின் கையெழுத்து.

"சார், அந்த ஆள் நான்தான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தகப்பன் என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். இவள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இது நான் வரைஞ்சது. அவர் நிக்கிறது பதிமூணாவது படி. அதுக்கு மேலதான் பீம் வருது. முதல்ல இந்த பீம் ஒரு அடி முன்னாடி இருந்துச்சு, அவருக்கு இடிச்சுது. ரெண்டு நாள் போராடிப் பின்னால தள்ளினேன். இப்ப அலமாரிக்கும் பீமுக்கும் நடுவுல மூணு அங்குலம் இருக்கு. ஸ்கேல் குடுங்க, அளந்து காட்டறேன்."

துறைத் தலைவர் ஸ்கேல் கொடுக்கவில்லை. புன்னகை மாறாமல் எங்கள் இருவரையும் தனியாக அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்தார். சாரின் கடிதம் மேஜையில் இருந்தது.

"பாருங்கம்மா, நீங்க பிரதி எடுத்தீங்கன்னு அவரே எழுதியிருக்காரே. கை உங்களோடதா இருக்கலாம். எண்ணம் அவரோடது. இந்தக் கடிதத்தை வச்சு உங்களுக்கு இங்க இடம் உண்டு. அதைக் கெடுத்துக்காதீங்க."

"அளந்து பாத்தா யாரோட எண்ணம்னு தெரிஞ்சிடுமே சார்."

"அளக்கிற விஷயம் இல்ல இது."

 அவள் கையை நீட்டி அந்தக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். "இந்தக் கடிதம் வேண்டாம் சார். என் படத்தைப் பாத்து இடம் குடுப்பீங்களா?"

"எல்லாத்துலயும் அவர் கையெழுத்துதானே இருக்கு? அது முடியாதும்மா."

"அப்ப சரி" என்று எழுந்துவிட்டாள். நான் அதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தேன்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், வருத்தமா என்று. "ரொம்ப" என்றாள். "பதினாறு வருஷமா உங்களை அவர் அழிக்கச் சொன்னாரு. இப்ப உங்களை வச்சே பேரு வாங்கியிருக்காரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. முன் இருக்கையின் கம்பியை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்து, அந்தக் கம்பிக்காக நான் பயந்தேன்.

விஷயம் நாங்கள் வீடு சேர்வதற்குள் சார் காதுக்குப் போயிருந்தது. மறுநாள் இவளைக் கூப்பிட்டு, "என் மானத்தை வாங்கிட்டே" என்றாராம். இவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். கடைசி நாளன்று மேஜையைத் துடைத்து, சாவியை ஒப்படைத்து, கணினியில் ஒரே ஒரு ஃபைலை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு அங்கிருந்து அழித்துவிட்டு வந்தாள்.

"அலுவலகத்து ஃபைலை அழிக்கலாமா?" என்று கேட்டேன்.

"அலுவலகத்து ஃபைல் எதையும் தொடலை. என் புருஷனை அங்க விட்டுட்டு வர முடியுமா?" என்றாள்.

இப்போது கையில் வேலை இல்லை, கடிதம் இல்லை, பாக்கி இருப்பது ஒரே ஒரு கல்லூரி. அங்கேயும் இல்லை என்றால் அவ்வளவுதான். அடுத்த வருடம் நாற்பது. அந்த ஒதுக்கீட்டில் நாற்பது ஆனவர்களை எடுப்பதில்லை என்று விதி.

அந்தக் கல்லூரி பழைய அச்சகம் ஒன்றில் நடந்தது. சுவரில் மை வாடை இன்னும் போகவில்லை. பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டைக் கையெல்லாம் பசை காய்ந்திருந்த ஒரு அம்மாள் எதிரே வந்தார். சேர்க்கையைப் பார்ப்பவர் அவர்தான், ஆசிரியை. படங்களை வாங்கி விரித்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாரின் பெயர்.

"எல்லாமே வேற ஒருத்தர் பேர்ல இருக்கே?"

"ஆமா மேடம். வரைஞ்சது நான். கடிதம் கிடையாது" என்றாள் இவள். பூசி மெழுகவில்லை.

 ஆசிரியை உள்ளங்கையால் அந்தக் கட்டங்களை மறைத்துக்கொண்டு படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பத்தையும் அப்படியே பார்த்தார். "இது மட்டும் எதையும் நிரூபிக்காது. எங்க படிக்கட்டை அளந்து வரைஞ்சு குடுங்க. மூணு மணி நேரம். கீழ ஒரு மர அலமாரி நிக்குது பாருங்க. அது மேல போகாதுன்னு எல்லாரும் சொல்றதால ரெண்டு வருஷமா அங்கயே நிக்குது. போகுமா போகாதான்னு உங்க படம் சொல்லணும். உங்க கூட வந்தவர் யாரு?"

"படத்துல இருக்கறவர்" என்றாள் இவள்.

ஆசிரியை படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தாடையைப் பார்த்தார். "சரிதான்" என்றார்.

மூன்று மணி நேரம் அவள் அந்தப் படிக்கட்டில் தவழ்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியையும் அளந்தாள். கைப்பிடியின் முனையில் இருந்த மரத்தூணைத் தடவிப் பார்த்து அளந்தாள். அலமாரியை அளந்தாள். பிறகு பலகையில் காகிதத்தைப் பொருத்தி, பென்சிலால் வரைந்தாள். கடைசியாக நினைவிலிருந்தே என்னை வரைந்து திருப்பத்தில் நிறுத்தினாள். "போகும். திருப்பத்துல ஒரு அங்குலம் மிச்சம் இருக்கும்" என்று நீட்டினாள்.

"அப்ப ஏத்திப் பாத்துடலாமே" என்றார் ஆசிரியை.

நான் அதற்குத்தான் காத்திருந்தேன். வாரை மாட்டினேன், அலமாரியை முதுகில் வாங்கினேன். மரம்தான், பெரிய பாரமில்லை. பிள்ளைகள் எல்லாம் அட்டையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பத்துப் படி பிரமாதமாகப் போனேன். திருப்பத்தில் உடம்பைத் திருப்பினேன். பின்னால் அலமாரி சுவரில் ஒட்டியது. முன்னால் கைப்பிடித் தூண் என் வயிற்றில் ஊன்றியது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

எனக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. நான் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை, அவளுடைய ஐந்து வருடப் படிப்பு என் வயிற்றில் முட்டி நிற்கிறது. பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. டேப்பை உருவிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். "அசையாதீங்க" என்றாள். அசைய வழியே இல்லை என்றேன். அத்தனை பேர் பார்க்க, தூணுக்கும் என் முதுகுக்கும் இடையே டேப்பை விட்டு அளந்தாள். என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடிச்சே பன்னெண்டு. நான் பதினொண்ணு போட்டிருக்கேன்."

"அது கல்யாணமான புதுசுல எடுத்த அளவுடி" என்றேன் தாழ்ந்த குரலில்.

"தெரியுது" என்றாள்.

என்னைப் பின்புறமாக இரண்டு படி இறக்கி, அலமாரியை இறக்கி வைக்கச் செய்தார்கள். ஆசிரியை கேட்டார்: "தப்பு எங்க வந்துச்சு?"

"படிக்கட்டு அளவு சரி. அலமாரி அளவு சரி. ஆளை மறுபடி அளக்கலை. பழைய அளவை அப்படியே நம்பிட்டேன்." சொல்லிக்கொண்டே ரப்பரால் என்னை அழித்தாள். பதினாறு வருடத்தில் யாரும் சொல்லாமல் அவளாகவே என்னை அழித்தது அதுதான் முதல் தடவை. பிறகு மறுபடி வரைந்தாள். இந்த முறை அலமாரி என் முதுகில் இல்லை. நிமிர்த்தி, இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராகக் கையில் பிடித்திருந்தோம். மேலே கூரைக்கு ஏழு அங்குலம் மிச்சம் என்று குறித்தாள். "இப்படிப் போகும்."

வாசலில் இருந்த காவலாளியும் நானும் தூக்கினோம். போயிற்று. இரண்டு வருடமாக நின்ற அலமாரி முதல் மாடியில் போய் உட்கார்ந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். காவலாளி, தனக்குத்தான் கைதட்டு என்று நினைத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஆசிரியை விண்ணப்பத்தைப் புரட்டினார். "பெரிய கல்லூரிலயும் கேட்டிருந்தீங்க போலிருக்கே. அங்க கிடைக்கலையா?"

"கிடைச்சுது மேடம். நான்தான் வேண்டாம்னு வந்தேன். அங்க அளந்து காட்டறேன்னு சொன்னேன், ஸ்கேல் குடுக்கலை. இங்க நான் போகும்னு சொன்னதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. தூக்கிப் பாத்தீங்க. நான் தப்பா சொல்லியிருந்தாலும் இங்கதான் படிக்கணும்னு நினைச்சேன்."

ஆசிரியை விண்ணப்பத்தில் ஏதோ எழுதி, முத்திரையை ஓங்கி வைத்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க. படத்துல கட்டமெல்லாம் காலியா இருக்கு, நிரப்பிக் குடுத்துட்டுப் போங்க."

ஓரத்தில் அவளே கோடு போட்டு வைத்திருந்த மூன்று கட்டம். வடிவமைத்தவர் என்ற இடத்தில், தெரியவில்லை என்று எழுதினாள், அச்சகம் கட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. வரைந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அச்சடித்த மாதிரி எழுதுகிறவள், அன்றைக்கு முதல் எழுத்து சற்றுச் சாய்ந்துவிட்டது. அதை அவள் அழிக்கவில்லை. மூன்றாவது கட்டத்துக்கு வந்து, பென்சிலை நிறுத்தாமல், சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதினாள்.

"நான் எங்கடி சரிபார்த்தேன்? மாட்டிக்கிட்டுத்தானே நின்னேன்?" என்றேன்.

"ஏறிப் பாத்துத்தானே மாட்டினீங்க. அதைத்தான் பதினேழு வருஷமா யாரும் செய்யலை" என்றாள்.

அந்தப் படம் இப்போது அங்கே முதல் மாடியில், அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் எனக்குத் தொப்பை இருக்கிறது. யாரும் அழிக்கச் சொல்லவில்லை.